ஜெட்டில் கை வைக்கும் முன்: 1969 ட்ரயம்ப் போனவில் டி120, இரட்டை ஆமல் கார்புரேட்டர்

வண்டி 1969 ட்ரயம்ப் போனவில் டி120. 649 சிசி, 71 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும் 360 டிகிரி கிராங்க். சிலிண்டருக்கு ஒன்றாக, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டு, 30 மி.மீ. ஆமல் கான்சென்ட்ரிக் மார்க் 1: வலப்பக்கம் ஆர்930, இடப்பக்கம் எல்930. என்ஜின் முழுதாகப் பிரித்துக் கட்டப்பட்டு அதிகம் ஓடாதது. கார்புரேட்டர்கள் மட்டும் வண்டியோடு வந்த பழையவை.

குறைகள் இவை. குளிரில் உதைத்தால் எளிதாகப் பற்றிக்கொள்கிறது. சூடேறிய பின் ஐட்லிங் நிற்பதில்லை. ஒரு சிக்னலில் தானாக 2000 ஆர்பிஎம்முக்கு ஏறி நிற்கிறது, அடுத்த சிக்னலில் அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைச் சற்றே திறக்கும்போது வலது கார்புரேட்டர் துப்புகிறது, அதாவது இருமுவதுபோல் கலவையைப் பின்னோக்கி உமிழ்கிறது. பாதிக்கு மேல் திறந்தால் வண்டி கனமாக, இழுவையாக ஓடுகிறது. இடது பிளக் மெத்தென்று கரி படிந்து கறுப்பாக இருக்கிறது; வலது பிளக் வெளுத்திருக்கிறது. ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் பெட்ரோல் வாடை.

முன்பே யாரோ இதைச் சரிசெய்ய முயன்ற தடயமும் இருந்தது. மெயின் ஜெட் (முழுத் திறப்பில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) 220. நீடில் (பெட்ரோல் துளையில் ஏறி இறங்கும் ஊசி) கிளிப் இரண்டிலும் கடைசிப் பள்ளத்தில், அதாவது நீடில் முழுக்க உயர்த்தப்பட்டு, கலவை மிக ரிச்சாக (பெட்ரோல் கூடியதாக). 1969 டி120-க்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு மெயின் ஜெட் 190, நீடில் ஜெட் .106, ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் உருளை) 3, கிளிப் நடுப் பள்ளம். திறக்கும்போது துப்புவது லீன் (பெட்ரோல் குறைந்த) கலவையின் அடையாளம் என்று யாரோ சரியாகவே ஊகித்து, தவறான இடத்தில் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். துப்பல் நடப்பது எட்டில் ஒரு பங்குத் திறப்பில். அங்கே மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. 190-ஐ 300 ஆக்கினாலும் அந்தத் துப்பல் நிற்காது; மேலே கனம் மட்டும் கூடும். இந்த வண்டியில் நடந்ததும் அதுதான்.

எந்தத் திறப்பில் எது பேசும்

கான்சென்ட்ரிக்கில் கைப்பிடி மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை, ஐட்லிங்குக்கான பெட்ரோல் வழியான பைலட் சுற்றும் அதன் ஏர் ஸ்குரூவும். எட்டில் ஒன்றிலிருந்து கால் பங்கும் அதற்குச் சற்று மேலும் ஸ்லைடின் முன்வாயில் வெட்டியிருக்கும் சரிவு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும், ஆனாலும் இந்த வரிசை மாறாது. அதனால் குறை எந்த வேகத்தில் வருகிறது என்பதைவிட எந்தத் திறப்பில் வருகிறது என்பதே முக்கியம். கைப்பிடி ரப்பரிலும் அதை ஒட்டிய நிலையான பாகத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், பாதி, முக்கால், முழுத் திறப்பு என்று கோடு போட்டுவிட்டால் ஓட்டும்போது ஊகிக்க வேண்டியதில்லை. இந்த வண்டியில் முதலில் செய்த வேலை அதுதான்.

எண்களும் தெளிவாக இருக்க வேண்டும். ஆமல் மெயின் ஜெட் எண் ஒரு நிமிடத்தில் அது விடும் பெட்ரோலின் அளவு, சிசி கணக்கில். எண் கூடினால் ரிச். நீடில் ஜெட்டின் .106 என்பது துளையின் விட்டம், அங்குலத்தில். ஸ்லைடு எண் சரிவின் உயரம், பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். 3 என்றால் 3/16 அங்குலம், எண் கூடினால் லீன். ஏர் ஸ்குரூ காற்றை அளப்பது: உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு திருகுபவர்கள் ஏராளம்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

டேப்பட் இடைவெளி குளிரில் இன்லெட் 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம், இரண்டும் சரி. கம்ப்ரஷன் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தீப்பொறியின் நேரத்தை முடிவுசெய்யும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலத்துக்கு வைக்கப்பட்டது. ஸ்ட்ரோப் லைட் வைத்துப் பார்த்ததில் வலது சிலிண்டர் முழு அட்வான்ஸில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி விழும் அளவில், 38 டிகிரியில் நின்றது. இடது நாலைந்து டிகிரி பிந்தியிருந்தது. இந்த ஆண்டு வண்டியின் லூகாஸ் 6சிஏ பாயிண்ட் தட்டில் இரண்டு செட்டையும் தனித்தனியாக நகர்த்தலாம். அதைப் பயன்படுத்தி இரண்டையும் 38-க்குக் கொண்டுவந்தாயிற்று. ஒரு பக்க டைமிங் பிந்தியிருந்தால் அந்த சிலிண்டர் ஐட்லிங்கில் சோம்பும். அதை ஈடுகட்ட அந்தப் பக்க த்ராட்டில் ஸ்டாப்பை (ஸ்லைடு முழுக்க மூடாமல் நிறுத்தும் திருகு) உயர்த்துவார்கள். அப்போது இரு கார்புரேட்டரும் வெவ்வேறு திறப்பில் நிற்கும். பிறகு எவ்வளவு நுணுக்கமாக ட்யூன் செய்தாலும் பொருந்தாது.

ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் ஐட்லிங் தானாக ஏறி நிற்கும். கார்புரேட்டர்மேல் பழி போடும் முன் அதைப் பார்த்தாக வேண்டும். இங்கே ஸ்பிரிங்குகள் நன்றாகவே இருந்தன. எனவே ஏறி நிற்பதற்குக் காரணம் காற்றுக் கசிவு அல்லது ஒட்டும் ஸ்லைடு. இந்த வண்டியில் இரண்டுமே இருந்தன.

கழற்றிப் பார்த்ததில்

என்ஜின் ஓடும்போது கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் முகமான ஃபிளாஞ்சைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்ததும் வலப்பக்கம் ஐட்லிங் மாறியது. இதற்குப் பலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பைப் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அது தேவையில்லாத ஆபத்து. தண்ணீரே போதும்.

வலது கார்புரேட்டரைக் கழற்றி ஃபிளாஞ்ச் முகத்தில் எஃகு அளவுகோலை நேராக நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. 0.008 அங்குல ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைந்தது. ஓ-ரிங் சதுரமாகத் தட்டையாகி, இறுகிக் கிடந்தது. இது கான்சென்ட்ரிக்கின் பழைய நோய். பாடி மென்மையான ஜிங்க் வார்ப்பு, ஃபிளாஞ்சுக்கு இரண்டே ஸ்டட், நடுவில் ஓ-ரிங். நட்டை இறுக்க இறுக்கக் காதுகள் இரண்டும் முன்னே வளைந்து வருகின்றன, ஸ்லைடு ஓடும் குழலும் கூடவே நீள்வட்டமாகிறது. கசிவு நிற்கவில்லை என்று இன்னும் இறுக்குவார்கள், இன்னும் வளையும். குளிரில் விழும் ஸ்லைடு சூட்டில் பிடிப்பதும், 2000-இல் தொங்குவதும் இதனால்தான்.

இன்னொரு கசிவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. டி120-இல் கார்புரேட்டர் நேராகத் தலையில் உட்காருவதில்லை; தலையில் மரையிட்டுத் திருகிய அடாப்டர் ஒன்றும், அதைப் பூட்டும் வளையமும் உண்டு. வலது அடாப்டரைக் கையால் பிடித்து அசைத்தால் அசைந்தது. மரை வழியாக வரும் இந்தக் காற்றை எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஐட்லிங்கில் அது பெரிய பங்கு. முழுத் திறப்பில் பொருட்டே இல்லை.

ஸ்லைடுகள். பழைய ஸ்லைடும் ஜிங்க், பாடியும் ஜிங்க். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் இரண்டும் தேயும். வலப்பக்கம் குழலுக்கும் ஸ்லைடுக்கும் இடையே 0.007 அங்குலம், இடப்பக்கம் 0.010 அங்குலம். நல்ல ஜோடியில் இது 0.003 அல்லது 0.004 இருக்கும். இடது ஸ்லைடை விரலால் ஆட்டினால் கடகடவென்றது. தேய்ந்த ஸ்லைடு, பின்னால் உறிஞ்சும் விசையில் சாய்ந்து, பக்கவாட்டில் காற்றை விடும். சரிவு எண் 3 என்று பொறித்திருந்தாலும் என்ஜினுக்கு அது மூன்றரை போலத்தான் தெரியும்.

பைலட் சுற்று. இந்தக் கார்புரேட்டர்கள், கழற்ற முடியாத பைலட் புஷ்ஷை பாடிக்குள் அழுத்திப் பொருத்திய வகை. பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலைத் திறந்தால் பைலட் ஜெட்டுக்கான மரைத்துளை ஒன்று காலியாகத் தெரியும். அங்கே ஜெட் விழுந்துவிட்டதென்று நினைத்துப் புதிது வாங்கிப் போடுபவர்கள் உண்டு. போட்டால் ஒரே வழியில் இரண்டு தடை, கலவை இன்னும் லீன். உண்மையான அளவுத்துளை ஏர் ஸ்குரூ துளையின் ஆழத்தில், அதே நேர்கோட்டில், 0.016 அங்குல விட்டத்தில் இருக்கிறது. வண்டி சில மாதம் நின்றால் பெட்ரோல் வற்றிப் பிசினாகி முதலில் அடைப்பது இதைத்தான்.

சோதனை எளிது. ஏர் ஸ்குரூவைக் கழற்றி, அந்தத் துளையில் கிளீனர் குழாயை வைத்து அடித்தால், கார்புரேட்டர் குழலுக்குள் ஸ்லைடின் அடியில் ஒன்றும் அதற்குச் சற்றுப் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஊசித்துளையிலும் பீச்ச வேண்டும். கீழே பெட்ரோல் ஏறும் துளையிலும் வர வேண்டும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யக்கூடாது, நேராக முகத்தில் அடிக்கும். வலது கார்புரேட்டரில் முன்துளையில் மெல்லிய கோடு போல வந்தது. பெட்ரோல் ஏறும் துளையில் ஒன்றுமே வரவில்லை. 78-ஆம் எண் டிரில் பிட் சரியாக 0.016 அங்குலம். அதை நீளமான மெல்லிய பித்தளைக் குழாயின் நுனியில் ஒட்டி, ஏர் ஸ்குரூ துளை வழியாக நேரே விட்டு, விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டினால் அடைப்பு விடும். மெஷினில் மாட்டக்கூடாது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் திரும்பச் சிறிதாக்க வழியில்லை. அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போட்டுவிட்டு இது திறந்துவிட்டதென்று நம்புவதும் சரியல்ல. தொட்டி அழுக்கை இளக்கும், உள்ளே முழுதாக அடைத்திருக்கும் பிசினைப் பல நேரம் அப்படியே விட்டுவிடும்.

பெட்ரோல் மட்டம்

இடது கறுப்புக்கும் வலது வெளுப்புக்கும் பாதி விடை இங்கே கிடைத்தது. கான்சென்ட்ரிக்குக்கு உரிய பெட்ரோல் மட்டம் பவுலின் மேல் விளிம்பிலிருந்து 0.21 அங்குலம் கீழே, 0.04 அங்குலம் முன்பின் இருக்கலாம், அதாவது 5.3 மி.மீ., கூடக்குறைய 1 மி.மீ. அளப்பதற்குப் பவுலைத் தனியே கழற்றி, மட்டமாகப் பிடித்து, டேங்க்கில் இருந்தோ தொங்கவிட்ட புட்டியில் இருந்தோ பெட்ரோலை விட வேண்டும். ஃப்ளோட்டின் அச்சு ஊசியை வழக்கமாக அழுத்தி வைப்பது கார்புரேட்டர் பாடி. பவுல் தனியாக இருக்கும்போது அச்சைக் கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் ஃப்ளோட் எழும்பி, அளவு பொய்யாகும்.

இடது மட்டம் விளிம்பிலிருந்து 3 மி.மீ., வலது 8 மி.மீ. இடையில் 5 மி.மீ. வித்தியாசம். ஐட்லிங்கில் பெட்ரோல் ஏற வேண்டிய உயரம் 5 மி.மீ. கூடினால் கலவை தெளிவாக லீனாகும். இடது பக்கம் வண்டி பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது வழிந்ததும் இதனால்தான், வாடையின் காரணமும் அதுவே. பழைய வெள்ளை பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் இதைத் திருத்துவது தொல்லை: பவுலைக் கொதிநீரில் சூடாக்கி, அழுத்திப் பொருத்திய பித்தளை சீட்டை மேலேயோ கீழேயோ நகர்த்த வேண்டும். இப்போது கிடைக்கும் 'ஸ்டே-அப்' ஃப்ளோட்டில் ஊசியைத் தொடும் நாக்கை வளைத்தால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோலிலும் அது தாங்குகிறது. பழைய பிளாஸ்டிக் ஊசிக்குப் பதில் விட்டான் ரப்பர் நுனி கொண்ட ஊசியும் சேர்த்தே போட வேண்டும்.

பழுதா, மாற்றா

இந்த நிலையில் மூன்று வழி இருந்தது. ஒன்று, பழைய பாடியில் கடின ஆனோடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடு போடுவது. பாடியின் குழல் வட்டமாக இருந்தால் இது மலிவான நல்ல வழி. இங்கே குழலும் நீள்வட்டம். இரண்டு, குழலைக் கடைந்து ஸ்லைடுக்கு ஸ்லீவ் ஏற்றுவது. கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டியில் அசல் எண் பொறித்த பாடி வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கலாம். ஆனால் வளைந்த ஃபிளாஞ்சையும் சேர்த்து நிமிர்த்த வேண்டும். மூன்று, ஆமல் பிரீமியர். வெளித்தோற்றம் அதே மார்க் 1. உள்ளே ஆனோடைஸ் ஸ்லைடு, ஸ்டே-அப் ஃப்ளோட், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கழற்றக்கூடிய பைலட் ஜெட்.

தினமும் ஓட்டும் வண்டி என்பதால் பிரீமியர் ஜோடி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். ஒரு கார்புரேட்டர் இறுக்கமாகவும் மற்றது தேய்ந்தும் இருந்தால் இரண்டையும் ஒத்திசைக்கவே முடியாது.

பழைய பாடியையே வைத்துக்கொள்பவர்கள் ஃபிளாஞ்சைச் சமப்படுத்த வேண்டிய முறை: தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் எமரி தாளை ஈரமாக விரித்து, ஃபிளாஞ்சை எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். முகம் முழுதும் ஒரே நிறமானதும் நிறுத்திவிடலாம். ஓ-ரிங் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடுகிறதா என்று இடையிடையே பார்ப்பது அவசியம். பள்ளம் ஆழம் குறைந்தால் ஓ-ரிங் மீண்டும் ஃபிளாஞ்சைத் தள்ளி வளைக்கும்.

பொருத்தும் விதம்

அடாப்டர்கள் இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, பெட்ரோல் தாங்கும் சீலண்ட் தடவி, முகம் நேராக நிற்கும் இடத்தில் நிறுத்திப் பூட்டு வளையத்தை இறுக்கினோம். அடாப்டர் முகமும் கண்ணாடியில் சரிபார்க்கப்பட்டது. வெப்பத்தைத் தடுக்கும் கனமான பேக்கிங் புதிது, ஓ-ரிங் புதிது. நட்டுகள் தானாகத் தளராத வகையாக இருப்பதால் இறுக்கித் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. இரு பக்கத்தையும் மாறி மாறி, சிறிய ஸ்பேனரை இரு விரலால் இழுக்கும் அளவுக்கு, ஓ-ரிங் அமுங்கி முகங்கள் தொடும் வரை. அதற்குமேல் கால் சுற்றுகூட வேண்டாம். இறுக்கியதும், மேல் ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். தன் எடையிலேயே டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் நட்டு அதிகம்.

பிரீமியர் பெட்டியில் இருந்து வந்ததால் எல்லாம் சரியாக இருக்கும் என்று விட்டுவிடவில்லை. மட்டம் அளந்ததில் ஒன்று 5 மி.மீ., மற்றது 6.5 மி.மீ. நாக்கை வளைத்து இரண்டும் 5.3-க்குக் கொண்டுவரப்பட்டன. நீடில் ஜெட் இரண்டும் .106 என்று பார்த்தாயிற்று. நீடில் நான்கு ஸ்ட்ரோக்குக்கு உரிய 622/124 தானா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. இரண்டு ஸ்ட்ரோக் நீடிலும் பார்வைக்கு ஏறக்குறைய அதேபோல இருக்கும். கிளிப் நடுப் பள்ளம். மெயின் ஜெட் 190.

கேபிள்கள்: கைப்பிடியிலிருந்து ஒரு கேபிள் வந்து, நடுவில் ஒரு டப்பாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் தண்டை ஸ்லைடுகளின் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியை மிக மெதுவாகத் திறந்தால், இரண்டு தண்டும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒன்று முந்தினால் அந்தப் பக்க கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்தலாம். பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஸ்லைடு எழும்பவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒத்திசைவு சரியில்லாத இரட்டைக் கார்புரேட்டர் குறைந்த திறப்பில் காட்டும் நடுக்கத்தைப் பலரும் ஜெட் தவறு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டி ட்யூன் செய்தது

ஆமல் சொல்லும் வரிசை: முதலில் மெயின் ஜெட், அடுத்து பைலட், பிறகு ஸ்லைடு சரிவு, பிறகு நீடில் உயரம், கடைசியாகத் திரும்பவும் பைலட். மெயின் ஜெட் முதலில் வருவதற்குக் காரணம், அது கீழே உள்ள எதையும் சார்ந்திருப்பதில்லை. ஆனால் ஐட்லிங்கே நிற்காத வண்டியை முழுத் திறப்பு ஓட்டத்துக்குச் சாலையில் எடுக்க முடியாது. அதனால் முதலில் பைலட்டை ஓட்டத்தக்க அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு வரிசைப்படி போவதே நடைமுறைக்கு ஒத்தது.

ஐட்லிங் வைப்பது ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர். என்ஜின் நன்றாகச் சூடேறியதும் இடது பிளக் வயரைக் கழற்றி, உபரி பிளக் ஒன்றில் மாட்டி, தலையில் எர்த் படும்படி வைக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் காயில் பழுதாகும். வலது சிலிண்டர் மட்டும் ஓட, ஏர் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றிலிருந்து ஆரம்பித்து, வேகம் உச்சமாகும் இடத்தைத் தேடி, த்ராட்டில் ஸ்டாப்பைக் குறைத்து, மீண்டும் தேட வேண்டும். தடுமாறாமல் ஓடும் மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு மற்றப் பக்கம். இரண்டு வயரும் மாட்டியதும் ஐட்லிங் எகிறும். இரண்டு ஸ்டாப்பையும் ஒரே அளவு குறைத்துக்கொண்டே வந்து 900 ஆர்பிஎம் அருகில் நிறுத்தலாம்.

இங்கேதான் பைலட் ஜெட் தன்னைக் காட்டிக்கொடுத்தது. வந்த ஜெட் 17. இரு பக்கமும் சிறந்த வேகம் ஏர் ஸ்குரூ அரைச் சுற்றில்தான் கிடைத்தது. அதற்குமேல் திறந்தால் இருமல். ஸ்குரூ முக்கால் சுற்றுக்குள் கேட்டால் பைலட் ஜெட் சிறிது. இரண்டு சுற்றுக்கு மேல் கேட்டால் பெரிது. ஒன்றேகாலில் இருந்து ஒன்றரைக்குள் நின்றால் சரி, இருபுறமும் திருத்த இடம் இருக்கிறது. 19 போட்டதும் வலது ஒன்றேகால், இடது ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. துப்பல் பெருமளவு அதிலேயே போய்விட்டது.

மெயின் ஜெட் சோதனைக்கு நீண்ட, காலியான ஏற்றம் வேண்டும். மூன்றாம் கியரில் முழுத் திறப்பு. வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை மிகச் சற்றே மூட வேண்டும். மூடியதும் இழுவை கூடினால் மெயின் ஜெட் சிறிது. முழுத் திறப்பில் மந்தமாக, கனமாக ஓடினால் பெரிது. 190-இல் மூடியபோது லேசாக இழுவை கூடியது. சைலன்சர்கள் அசல் அல்ல, திறந்த வகை. எக்ஸாஸ்ட் எளிதாகப் போனால் காற்று கூடுதலாக உள்ளே வரும், பெட்ரோலும் அதற்கேற்ப வேண்டும். 200 போட்டதும் மாற்றம் தெரியாத நிலை வந்தது. உறுதிசெய்ய, முழுத் திறப்பில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம்: பீங்கானின் அடிப்பகுதியில் மெல்லிய பழுப்பு வளையம், இரண்டிலும் ஒரே மாதிரி. ஐட்லிங்கில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய பிளக்கின் நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

சரிவு எண் 3 அப்படியே. ஐட்லிங்கிலிருந்து திடீரெனத் திறந்தால் துப்பல் மிச்சமிருந்தால் 2½, குலுங்கிக் குலுங்கி ஏறினால் 3½ என்பது பொது விதி. புதிய, காற்று விடாத ஸ்லைடு போட்டபின் எதுவும் தேவைப்படவில்லை. நீடிலைப் பாதித் திறப்பில் சோதிக்க, காற்றை மறிக்கும் சோக் ஸ்லைடே கருவி. பாதித் திறப்பில் சீராக ஓடும்போது சோக்கைச் சற்று மூடினால் கலவை ரிச்சாகும்: உடனே சுறுசுறுப்பு வந்தால் நீடில் லீன், உயர்த்த வேண்டும், உடனே மூச்சுத் திணறினால் சரி. பலர் சோக் ஸ்லைடைத் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதற்காகவாவது அதை வைத்துக்கொள்ளலாம். கழற்றியவர்கள் மேல்மூடியில் சோக் கேபிள் வந்த துளையை அடைக்க வேண்டும். மழையும் தூசும் அந்த வழியாக உள்ளே போகும். இங்கே நடுப் பள்ளமே சரியாக இருந்தது.

கேட்கப்பட்ட மற்ற மாற்றங்கள்

வண்டிக்காரர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு பெல்மவுத் (காற்றுவாயில் மாட்டும் விரிந்த புனல்) மாட்டுவது பற்றிக் கேட்டிருந்தார். மாட்டலாம், மெயின் ஜெட் ஓரிரு படி கூடும், நீடிலும் மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் வடிகட்டாத தூசு முதலில் தேய்ப்பது ஸ்லைடையும் பிஸ்டன் ரிங்கையும். தினமும் ஓடும் வண்டிக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டுக்கும் பதிலாக ஒற்றை மிக்குனி கார்புரேட்டர் போடும் மாற்றமும் பேச்சில் வந்தது. ஒரே கார்புரேட்டர், ஒத்திசைக்க எதுவும் இல்லை, ஐட்லிங் கடிகாரம் போல நிற்கும். டி120-இன் மேல்வேக இழுவையில் கொஞ்சம் போகும். ட்ரயம்ப் இதே என்ஜினுக்கு ஒற்றைக் கார்புரேட்டர் போட்டு டி120-க்குப் பக்கத்திலேயே டிஆர்6 என்று விற்றது. நகரத்துக்குள் ஓட்ட அது இனிமையான வண்டி. இரட்டை ஆமலைச் சரிசெய்யப் பொறுமை இல்லை என்பதற்காக மட்டும் மாற்றுவது வீண் செலவு. அடாப்டர் கசிவும் டைமிங் வித்தியாசமும் அப்படியே இருந்தால் மிக்குனியும் துப்பும்.

பெட்ரோல்: இறுதி அளவுகள் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் இல்லாத பெட்ரோலில் கண்டவை. 10 சதவீத எத்தனாலுக்கு மாறினால் கலவை சற்று லீனாகும். ஏர் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகுவதும், தேவையானால் மெயின் ஜெட்டை 210 ஆக்கிப் பார்ப்பதும் போதும்.

முடிவான அளவுகள்

இரு பக்கமும் பைலட் 19, ஸ்லைடு 3, நீடில் ஜெட் .106, கிளிப் நடுப் பள்ளம், மெயின் ஜெட் 200, பெட்ரோல் மட்டம் 5.3 மி.மீ. ஏர் ஸ்குரூ வலது ஒன்றேகால், இடது ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. தொழிற்சாலை அளவிலிருந்து விலகியது மெயின் ஜெட் ஒரே ஒரு படி. அதற்கும் காரணம் சைலன்சர். முன்பிருந்த 220-உம் கடைசிப் பள்ளமும், காற்றுக் கசிவையும் அடைத்த பைலட்டையும் மறைக்கப் போட்டவை.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுசோதனை. ஃபிளாஞ்ச் நட்டுகள் தளரவில்லை. மறுபடி இறுக்கவும் இல்லை. இடது ஐட்லிங் மட்டும் லேசாகத் தடுமாறியது. பவுலின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றியதில் மிளகாய்த்தூள் நிறத்தில் மெல்லிய துரு இறங்கியது. டேங்க் உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. பெட்ரோல் டேப்பின் வலையும் கார்புரேட்டர் பாஞ்ஜோ (பெட்ரோல் குழாய் சேரும் மூட்டு) உள்ளே இருக்கும் நைலான் வலையும் இந்த நுண்துகளைத் தடுப்பதில்லை. டேங்க் சுத்தமாக்கப்படும் வரை இரு டேப்புக்கும் கீழே தனி ஃபில்டர் போடப்பட்டது. போட்டதும் பெட்ரோல் ஓட்டம் குறைகிறதா என்று பவுல் வடிகால் வழியாகத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஃபில்டரில் காற்றுக் குமிழி நின்று ஓட்டம் சொட்டுச் சொட்டாக ஆனால் முழுத் திறப்பில் பவுல் காலியாகி, மறுபடி மெயின் ஜெட் சிறிது போலத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்குமானால் டேப்பை மூடி, இரு பவுலையும் வடித்துவிட வேண்டும்.